மயிலைத் துறைமுகமும் அதை உழைத்துக் காத்தவர்களும்

கொஞ்சம் நீளமான பதிவு இது. காபி குடித்துக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு விவாதம் நடந்தது. லூப் ரோட்டில் சாலையோரம் மீன் விற்றவர்களை மார்க்கெட் கட்டிடத்துக்கு அனுப்பியது சரியா, தவறா என்று ஆரம்பித்தது. "மெயின் ரோட்டில் வந்து உட்கார்ந்தால் டிராஃபிக் என்னாவது?" என்று ஒருவர் கேட்டார். "ரோடுதான் சார் அவங்க இடத்துக்கு வந்தது" என்று இன்னொருவர் பதில் போட்டார். இரண்டு பேரும் என் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். இருவருக்கும் சேர்த்து, வகுப்பில் நேரமில்லாமல் விட்டுப்போன ஒரு பாடத்தை இன்று எழுதுகிறேன்.

மயிலாப்பூர் என்றதும் நமக்குக் கோபுரம், தெப்பக்குளம், அறுபத்துமூவர், மாட வீதி என்றுதான் நினைவு வரும். அது ஒரு துறைமுகம் என்பது பலருக்கு மறந்துவிட்டது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய தாலமி, சோழ மண்டலக் கரையில் 'மலியார்ஃபா' என்று ஓர் ஊரைக் குறிப்பிடுகிறார். அது மயிலாப்பூர்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பூம்பாவைத் திருப்பதிகத்தில் மாசி மாதக் கடலாட்டு விழா வருகிறது. அந்தப் பூம்பாவையின் தந்தை சிவநேசர் ஒரு வணிகர். 9-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மப் பல்லவனைப் புகழும் நந்திக்கலம்பகம், மல்லைக்கும் மயிலைக்கும் அவனைக் காவலன் ஆக்குகிறது. மல்லை என்றால் மாமல்லபுரம். இரண்டு துறைமுகங்களையும் ஒரே மூச்சில் சொல்லும் அளவுக்கு மயிலைக்கு அன்று மதிப்பு இருந்திருக்கிறது.

திருவள்ளுவரின் நண்பராக ஏலேலசிங்கன் என்ற கப்பல் வணிகரைப் பற்றி மயிலையில் ஒரு கதை உண்டு. வலை இழுக்கும்போது பாடும் 'ஏலேலோ' அவர் பெயரிலிருந்து வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். வரலாற்று ஆசிரியனாக நான் இதைச் செவிவழிக் கதை என்றுதான் சொல்வேன். ஆனாலும் ஒரு வணிகரின் பெயரை வலை இழுப்பவரின் பாட்டில் கொண்டுவந்து வைக்கும் அந்தக் கதை, இந்த ஊரின் இரண்டு பாதிகளையும் ஒன்றாகக் கட்டுகிறது. கடைசி வரை இந்தக் கட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு கேள்வி. துறைமுகம் என்றதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? கல் சுவர், கிரேன், கப்பல் நிற்கும் மேடை. மயிலையில் இவை ஒன்றும் கிடையாது. நம் கரை நேர்கோடாக ஓடும் மணல் கரை. அலை உடையும் இடத்தைத் தாண்டிப் பெரிய கப்பல் உள்ளே வர முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் கரைக்கு வர வேண்டுமென்றால் அலையைக் கடக்கத் தெரிந்த படகும், அந்தப் படகைத் தள்ளத் தெரிந்த ஆட்களும் வேண்டும். அதாவது, நம் ஊரில் துறைமுகம் என்பது மனிதர்கள்தான். மீன் பிடித்த அதே கைகள்தான் துணி மூட்டையையும் இறக்கின.

இந்தத் துறைமுகம் பல முறை சரிந்திருக்கிறது. முதல் சரிவு வெளிநாட்டுப் பயணிகளின் எழுத்தில் தெரிகிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, புனித தோமையாரின் கல்லறை உள்ள ஊரைச் சின்ன ஊர் என்கிறார். வணிகர் அதிகம் வராத இடம், வாங்க அங்கே பெரிதாகச் சரக்கு இல்லை என்கிறார். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்ச்சுகீசியரான பர்போசா, முன்பு பெரிதாக இருந்த ஊர் இப்போது ஏறக்குறைய ஆளில்லாமல் கிடக்கிறது என்கிறார்.

பிறகு அதே போர்ச்சுகீசியர்களால் ஊர் மறுபடி எழுந்தது. 1523 வாக்கில் அவர்கள் கல்லறை இருந்த இடத்தில் கோயிலைப் புதுப்பித்துக் குடியேறினார்கள். சாந்தோம் வளர்ந்தது. இங்கே நெய்த துணி மலாக்காவுக்கும் பர்மாக் கரைக்கும் போனது. 1606-இல் மயிலை தனி மறைமாவட்டம் ஆனது. சாந்தோம் தேவாலய வளாகத்தில் பழைய கபாலீசுவரர் கோயிலின் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. பழைய கோயில் கடற்கரையில் இருந்தது என்பதற்கு அவையும் ஒரு சான்று. இன்று கடலைவிட்டுத் தள்ளி இருக்கும் கபாலி, மாசி மகத்தன்று கடலுக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறார். அவருக்கு அது பழைய வீட்டுப் பக்கம் போய் வருவது போலத்தான்.

இரண்டாவது சரிவுக்குக் காரணம் உங்களுக்குப் பாடப் புத்தகத்திலேயே தெரியும். 1639 ஆகஸ்டில் பிரான்சிஸ் டே, சாந்தோமுக்கு வடக்கே சில மைல் தள்ளி ஒரு மணல் துண்டை ஆங்கிலக் கம்பெனிக்கு வாங்கினார். அங்கே புனித ஜார்ஜ் கோட்டை எழுந்தது. 1662-இல் கோல்கொண்டாப் படை சாந்தோமைப் பிடித்தது. 1672-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1674-இல் கோல்கொண்டாவும் டச்சுக்காரர்களும் சேர்ந்து அவர்களை வெளியேற்றினார்கள். கோட்டைச் சுவர்கள் இடிக்கப்பட்டன. 1749-இல் ஆங்கிலேயர் சாந்தோமைத் தங்களுடன் சேர்த்துக்கொண்டார்கள். வணிகர்கள் எப்போதோ மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே போய்விட்டிருந்தார்கள். பாதுகாப்பும் வியாபாரமும் எங்கேயோ, அங்கே பணம் போகும். அதில் வியப்பில்லை.

கரையில் உழைத்தவர்கள் என்ன ஆனார்கள்? இதைத்தான் நாம் வகுப்பில் கேட்காமல் விட்டோம். ஆங்கிலேயர் வாங்கிய இடத்திலும் துறைமுகம் கிடையாது. அங்கேயும் அதே நேர்க்கரை, அதே அலை. ஏறக்குறைய 250 ஆண்டுகள், சென்னைக்கு வந்த கவர்னரும் பாதிரியாரும் சிப்பாயும் சீமைச் சாராயப் பீப்பாயும் நம் படகுக்காரர்களின் தயவில்தான் கரையேறினார்கள். ஊர் மாறினாலும் ஆட்களின் தேவை மாறவில்லை.

அவர்கள் ஓட்டியது மசூலா படகு. பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்து, இடுக்கில் புல்லை வைத்து அடைத்த படகு. ஏன் ஆணி கூடாது? ஆணி அடித்த விறைப்பான படகு நம் அலையில் மணல்மேல் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும், அடியைத் தாங்கும். இன்ஜினியரிங் படித்த என் பிள்ளைகள் இதைக் கவனியுங்கள். வளைந்து கொடுப்பதும் ஒரு வலிமை என்று அவர்கள் பட்டறிவால் கண்டுபிடித்திருந்தார்கள்.

இன்னொன்று கட்டுமரம். சில மரத்துண்டுகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது, அவ்வளவுதான். அலை அதன் இடுக்கு வழியாக ஏறி இறங்கிப் போய்விடும், கவிழ்ந்தாலும் மூழ்காது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரத்தை உலர வைப்பார்கள். ஈரம் ஊறினால் கனத்துவிடும் அல்லவா? புயல் நேரத்தில் வேறு எந்தப் படகும் போக முடியாதபோது கட்டுமரக்காரர்கள்தான் கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோனார்கள். தண்ணீர் புகாத குல்லாவுக்குள் கடிதத்தை வைத்துக்கொண்டு நீந்தியும் துடுப்பு போட்டும் போவார்கள். 'கட்டமரன்' என்று இன்று உலகம் முழுக்கச் சொல்கிறார்களே, அது நம் சொல். இரண்டு உடல் கொண்ட சொகுசுப் படகுக்கு அந்தப் பெயர் போய்விட்டது. பெயரைக் கொடுத்தவர்களைப் பற்றி அந்தப் படகில் போகிறவர்களுக்குத் தெரியாது.

மூன்றாவது சரிவு 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. முதலில் 1861-இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று கட்டினார்கள். பிறகு 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து செயற்கைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். இரண்டு கல் கரங்களைக் கடலுக்குள் நீட்டி அலையைத் தடுப்பது திட்டம். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் புயல் அதை உடைத்துப் போட்டது. மீண்டும் கட்டினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் தலைமையில் வாயிலை வடகிழக்குக்கு மாற்றி, உள்ளே கப்பல் வந்து நிற்கும் மேடைகளையும் அமைத்தார்கள். கப்பல் கரைக்கே வந்த பிறகு மசூலா படகுக்கு என்ன வேலை? தலைமுறை தலைமுறையாக வந்த படகோட்டும் தொழில் முடிந்தது. மீன்பிடிப்பு மட்டும் மிச்சம் இருந்தது.

அதோடு முடியவில்லை. நம் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. ஆண்டில் பெரும்பாலான மாதங்கள் அலை அதைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டே போகும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கொஞ்ச நாள் திசை திரும்பும். குறுக்கே ஒரு கல் சுவர் வைத்தால் என்ன ஆகும்? தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கடல் அரிக்கும். முன்பு கோட்டைச் சுவரை ஒட்டி வந்த கடல் விலகிப் போனது. அந்த மணல்தான் இன்றைய அகன்ற மெரினா. 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் கடலோரம் நடைபாதை அமைத்து 'மெரினா' என்று பெயர் வைத்தார். வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கரை போனது. அங்கே வீட்டை இழந்தவர்களும் மீனவர்கள்தான்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. துறைமுகம் இவர்களின் தொழிலைப் பறித்தது. அதே துறைமுகம் உண்டாக்கிய மணல், இவர்கள் வீட்டு வாசலை நகரத்தின் பூங்காவாக மாற்றியது. வாசல் அழகானதும் வீட்டுக்காரர் இடைஞ்சலாகத் தெரிய ஆரம்பித்தார்.

வடக்கிலிருந்து தெற்காகச் சொல்கிறேன், மனத்தில் வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். அயோத்தியாகுப்பம், நடுக்குப்பம், நொச்சிக்குப்பம், டுமீங்குப்பம், முள்ளிக்குப்பம், பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம். அடையாறு முகத்துவாரத்தைத் தாண்டினால் ஊரூர் குப்பம், ஓல்காட் குப்பம், ஓடைக்குப்பம், திருவான்மியூர்க் குப்பம். 'குப்பம்' என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1923-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடிய ம. சிங்காரவேலர் 1860-இல் பிறந்தது அயோத்தியாகுப்பத்தில், மீனவக் குடும்பத்தில். வக்கீலுக்குப் படித்து, வீட்டில் பெரிய நூலகம் வைத்திருந்தவர். சென்னைக் கலெக்டர் ஆபீஸுக்கு அவர் பெயர்தான்.

சுதந்திரத்துக்குப் பின் நடந்தவை என் தலைமுறை கண்ணால் பார்த்தவை. 1970-களில் குடிசை மாற்று வாரியம் ஓலைக் குடிசைகளுக்குப் பதில் அடுக்குமாடி கட்டியது. தீப்பிடிக்காத வீடு, நல்ல விஷயம். ஆனால் மாடி வீட்டில் வலையை எங்கே காயப்போடுவது? கருவாட்டை எங்கே உலர்த்துவது? மீனவருக்கு வீடு என்பது சுவருக்குள் மட்டும் இல்லை, வாசலுக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணலும் வீடுதான். பட்டாவில் அந்த மணல் வராது.

இன்னொரு பக்கம் விசைப்படகுகள் வந்தன. காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் உருவானது, பெரிய முதலீடு அங்கே போனது. விசைப்படகின் இழுவலை கடலடியை வாரிக்கொண்டு போகும். சிறு படகுக்காரர்கள் கொதித்தார்கள். அதனால்தான் 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டர், பாரம்பரிய மீனவர்களுக்கு என்று அதில் ஒதுக்கினார்கள். பிறகு கட்டுமரம் போய் ஃபைபர் படகும் மோட்டாரும் வந்தன. உடம்பு வலி குறைந்தது. டீசல் கடன் சேர்ந்தது. மோட்டார் ஓட்டும் பையனுக்குத் தாத்தா அளவுக்குக் காற்றும் நீரோட்டமும் பார்க்கத் தெரிய வேண்டிய அவசியமும் குறைந்தது.

1985-ஐ மறக்க முடியாது. மெரினாவை அழகுபடுத்துவதற்காகப் படகுகளையும் வலைகளையும் மணலிலிருந்து அகற்ற அரசு முடிவெடுத்தது. மீனவர்கள் எதிர்த்தார்கள். டிசம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது, உயிர்கள் போயின. கரையில் படகை நிறுத்தும் உரிமைக்காகச் செத்தவர்கள் அவர்கள். மெரினாவில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு நடக்கும் நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

அடையாறு முகத்துவாரத்தையும் பாருங்கள். ஒரு காலத்தில் உப்பங்கழி மடவைக்கும் இறாலுக்கும் பிறப்பிடம். நகரத்தின் கழிவுநீர் ஆற்றில் சேர்ந்தது, முகத்துவாரம் மணலால் அடைபட்டது, மீன்பாடு குறைந்தது. இரு கரைக் குப்பங்களையும் இணைக்க 1967-இல் கட்டிய பாலம் 1977-இல் உடைந்தது. இன்று வரை சேர்க்கவில்லை. சினிமாக்காரர்கள் அங்கே படம் எடுக்கிறார்கள், இளைஞர்கள் போட்டோ எடுக்கிறார்கள். குப்பத்துப் பெண்கள் தலையில் கூடையோடு அடுத்த கரைக்கு நடந்து போகக் கட்டிய பாலம் அது.

2004 டிசம்பர் 26 பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. சென்னையில் மட்டும் 200 பேருக்கு மேல் சுனாமியில் இறந்தார்கள். அதன் பிறகு பாதுகாப்பு என்ற பெயரில் கடலைவிட்டுத் தள்ளிக் குடியேற்றும் பேச்சு வந்தது. ஆபத்து மெய்தான். ஆனால் கரையில் மீனவர் இருந்தால் ஆபத்து, அதே கரையில் உயரமான கட்டிடமும் சாலையும் வந்தால் வளர்ச்சி என்றால் கணக்கு இடிக்கிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே கடலோரமாகவே உயர்மட்டச் சாலை போட ஒரு திட்டம் பேசப்பட்டது. மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் எதிர்த்தார்கள், அது நடக்கவில்லை. 2017 ஜனவரி 23 அன்று, ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் கடைசி நாளில், நடுக்குப்பம் மீன் மார்க்கெட் தீக்கிரையானது. போராட வந்த இளைஞர்களுக்கு அடைக்கலம் கொடுத்த ஊர் அது.

இப்போது லூப் ரோட்டுக்கு வருகிறேன். 2023 ஏப்ரலில், உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கை ஒட்டி, மாநகராட்சி சாலையோர மீன் கடைகளை அகற்றியது. மீனவர்கள் படகையும் வலையையும் சாலையில் போட்டு உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் 366 கடைகளோடு புதிய மார்க்கெட் திறக்கப்பட்டது. தண்ணீர், வடிகால், கூரை எல்லாம் இருக்கிறது. வெயிலில் உட்கார்ந்து விற்ற பெண்களுக்கு நிழல் கிடைத்தது நல்லதுதான். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். படகு கரையேறியதும் மீனை ஏலம் எடுப்பதும் விற்பதும் பெரும்பாலும் பெண்கள். ஆணின் கடலும் பெண்ணின் கடையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் இந்தத் தொழில் ஓடும். படகு நிற்கும் மணலும், வலை பின்னும் இடமும், விற்கும் இடமும் சேர்ந்ததுதான் ஒரு துறை. கடைக்கு மட்டும் ஓர் எண் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் கணக்கில் எடுக்காவிட்டால் தொழில் ஒற்றைக் காலில் நிற்கும். டிராஃபிக் பற்றிக் கேட்ட மாணவருக்கு என் பதில் இது: உங்கள் அவசரம் நியாயம்தான், சாலையும் வேண்டும். ஆனால் அந்தச் சாலை போட்டது படகு ஏறிய மணலில். பிறகு வந்தவர் முன்பு இருந்தவரிடம் "இடைஞ்சலாக இருக்கிறாய்" என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் தயங்க வேண்டும்.

இன்னொரு மாணவருக்கும் ஒரு வார்த்தை. முதலில் வந்தவர் என்பது மட்டும் போதாது. மீனவர் வீட்டுப் பிள்ளைகளே பலர் கடலுக்குப் போக விரும்பவில்லை. என் வகுப்பில் படித்த குப்பத்துப் பிள்ளைகள் இன்று வங்கியிலும் கப்பல் கம்பெனியிலும் மருத்துவமனையிலும் வேலை செய்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான். யாரையும் பாரம்பரியம் என்று சொல்லி அலைக்குள் தள்ள நமக்கு உரிமை இல்லை. விரும்பிப் போவது வேறு, மீனும் இல்லை இடமும் இல்லை என்று விரட்டப்பட்டுப் போவது வேறு. இந்த வேறுபாட்டைப் பார்க்கத் தெரிந்தால் வரலாறு படித்ததற்குப் பயன் உண்டு.

மொத்தமாகப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். மயிலைத் துறைமுகம் சரிந்த ஒவ்வொரு முறையும் வணிகர் போனார், அரசர் போனார், கொடி மாறியது. கரையில் உழைத்தவர்கள் மட்டும் போகவில்லை. சரக்கு இல்லாதபோது மீன் பிடித்தார்கள், கப்பல் வந்தபோது படகு ஓட்டினார்கள். அவர்கள் இருந்ததால்தான் துறை மறுபடி மறுபடி உயிர் பெற்றது. முந்தைய சரிவுகளில் அவர்கள் இழந்தது வேலையை. இந்த முறை கேள்விக்குறியில் இருப்பது அவர்கள் நிற்கும் மணல். மணல் போய்விட்டால் அடுத்த எழுச்சிக்கு ஆள் இருக்காது.

உங்களிடம் மூன்று வேண்டுகோள். ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க நொச்சிக்குப்பம் மார்க்கெட்டுக்கோ ஊரூர் குப்பத்துக்கோ போங்கள். சங்கராவோ நெத்திலியோ காணாங்கெளுத்தியோ, அன்று கடலில் கிடைத்ததை வாங்குங்கள். வஞ்சிரம்தான் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். பேரம் பேசுங்கள், ஆனால் மாலில் பேசாத பேரத்தை அங்கே பேசாதீர்கள். இரண்டு, பிள்ளைகளை மாசி மகத்துக்குக் கடற்கரைக்கு அழைத்துப் போனால், சாமி எதற்காக இவ்வளவு தூரம் கடலைத் தேடி வருகிறார் என்று சொல்லிக் கொடுங்கள்.

மூன்றாவது, குப்பங்களிலிருந்து வந்து என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு மட்டும். உங்கள் தாத்தா, பாட்டி இருந்தால் இந்த வாரமே போனில் அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வலைக்கும் மீனுக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர்கள் பல எந்த அகராதியிலும் கிடையாது. தெரிந்ததைக் கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலை வேண்டாம், இந்த முறை சிவப்பு மை எடுக்க மாட்டேன். நீங்கள் எழுதுங்கள், நான் படித்துக் கற்றுக்கொள்கிறேன்.